லத்தியின் சூடு சத்து அல்ல

இந்த மாதத்தில் இது மூன்றாவது. செங்கல்பட்டுப் பக்கத்து விவசாயி ஒருவர், குதிரையேற்றப் பயிற்சிப் பள்ளி ஒன்றிலிருந்து இரண்டு டிப்பர் லத்தியை, அதாவது குதிரைச் சாணத்தை, வாங்கி, லாயத்தில் பரப்பியிருந்த மரச்சீவலோடு அப்படியே வயலில் கொட்டி உழுது, பத்தாம் நாள் மிளகாய் நாற்றை நட்டிருக்கிறார். செடிகள் வளர்ச்சி நின்று, அடியிலைகள் வெளுத்து மஞ்சளாகிவிட்டன. "லத்திச் சூடு பயிரை எரிச்சிடுச்சுங்களா?" என்று மண் ஆய்வுக்கூடத்தில் என் மேசைக்கு முன்னால் நின்று கேட்டார். அவருக்கு முன் வந்த மாடித்தோட்டக்காரர்கள் இருவரும் இதே சூட்டைத்தான் பேசினார்கள். ஆனால் அவர்களுக்கு அது பெருமை. மாட்டுச் சாணத்தைவிடச் சூடு என்பதால் சத்தும் கூடுதல் என்று இங்கிலாந்துத் தோட்டக்காரர் ஒருவரின் காணொளியில் கேட்டிருந்தார்கள்.

சூட்டுக்கும் சத்துக்கும் தொடர்பில்லை என்பதை எத்தனை முறை சொன்னாலும் மறுவாரம் யாராவது ஒருவர் அதையே கேட்கிறார். குதிரை அசைபோடாத விலங்கு. அதனால் அதன் லத்தியில் நார் பெரிதாகவே தங்கிவிடுகிறது. மாட்டுச் சாணத்தைவிட ஈரமும் குறைவு. குவித்து வைத்தால் உள்ளே காற்று புகுகிறது, நுண்ணுயிர்கள் விரைந்து பெருகுகின்றன, அவற்றின் மூச்சுச் சூட்டால் குவியல் 60 டிகிரி வரை ஏறுகிறது. அது நுண்ணுயிர்கள் உழைக்கும் சூடு. செடிக்குப் போகும் சத்து அல்ல. புதிய லத்தியில் தழைச்சத்து (நைட்ரஜன்) சுமார் 0.5 முதல் 0.7 சதவீதம்தான். தொழுவத்துச் சாணத்தை ஏளனமாகப் பார்க்கும் அளவுக்கு அதில் எதுவும் இல்லை.

அந்தச் சூட்டுக்கு விலை இருந்த ஊர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தைச் சுற்றிக் காய்கறி பயிரிட்டவர்கள், வண்டிக்குதிரை லாயங்களின் எருவைப் பாத்திகளுக்கு அடியில் கனமாகப் பரப்பி, மேலே கண்ணாடி மூடிகளைக் கவிழ்த்து, பனிக்காலத்திலேயே கீரையும் முள்ளங்கியும் எடுத்தார்கள். பிப்ரவரியில் மண் உறைந்து கிடக்கும் ஊரில் லத்தி ஓர் அடுப்பு. கோடையில் மேல்மண் 45 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் அந்த அடுப்பை வேருக்கடியில் வைக்க என்ன அவசியம்?

மண்ணும் வேறு. இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில், 1843-இல் தொடங்கிய பிராட்பால்க் வயல் சோதனையில், ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 35 டன் தொழு உரம் பெற்றுவந்த பாத்தியின் அங்ககக் கரிமம் (மக்கிய பொருள்களால் மண்ணில் சேரும் கார்பன்), எதுவும் இடாத பாத்தியைப்போல் இரு மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறது. அங்கே இட்டது பெரும்பாலும் மாட்டெரு என்றாலும் பாடம் ஒன்றுதான்: குளிர்ந்த மண் எருவைச் சேமிக்கும். நம் செம்மண்ணோ வெப்பத்தில் அதை விரைந்து செரித்துவிடும். ஒருமுறை கனமாகக் கொட்டிவிட்டு ஐந்து ஆண்டு மறந்துவிடலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது. ஏக்கருக்கு ஐந்து டன் மக்கிய எருவை ஆண்டுதோறும் இடுவதே பயன் தரும்.

இனி மிளகாய்க்கு வருகிறேன். அந்தப் பயிர் எரியவில்லை, பட்டினி கிடந்தது. தனி லத்தியில் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் கரிமம் 25, 30 பங்கு இருக்கும். மரச்சீவல் கலந்தால் அது 50-ஐயும் தாண்டும். அத்தனை கரிமத்தைச் செரிக்க நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து போதாது என்பதால், அவை மண்ணில் இருப்பதையும் எடுத்துக்கொள்கின்றன. ஆகவே லாயத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, குதிரை என்ன தின்கிறது என்பதல்ல, அதன் காலடியில் என்ன பரப்பியிருக்கிறார்கள் என்பதே. வைக்கோல் என்றால் நிம்மதி. மரச்சீவல் என்றால் பொறுமை வேண்டும்.

தீவனத்தையும் கேளுங்கள், அதற்குக் காரணம் வேறு. பிரிட்டனில் 2008-இல் எரு இட்ட தோட்டங்களில் தக்காளியும் அவரையும் பெரணி இலைபோலச் சுருண்டன. மேய்ச்சல் நிலத்தில் தெளித்த அமினோபைரலிட் என்ற களைக்கொல்லி, விலங்கின் குடலையும் எருக்குவியலையும் சிதையாமல் கடந்து வந்திருந்தது. விற்பனையை அப்போது நிறுத்திவைத்தார்கள். பிரிட்டன் கதையைக் கேட்டு நடுங்குபவர்கள், இங்கே வெறுங்காலோடு பச்சை லத்தியை மிதிப்பதைப் பற்றி மட்டும் ஒருபோதும் கவலைப்படுவதில்லை. ரணஜன்னிக் (டெட்டனஸ்) கிருமி குதிரையின் குடலில் வாழக்கூடியது. அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். கையுறையும் செருப்பும் போடுங்கள். கடைசியாக ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இதற்குமேல் நான் கெஞ்ச முடியாது.

லத்தியை நிழலில் நான்கடி உயரத்துக்குக் குவித்து, சாணக்கரைசலும் கிளைரிசிடியா மரத்தின் பச்சைத் தழையும் சேர்த்து, கையில் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டும் கசியும் ஈரத்தில் வையுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி புரட்டுங்கள், ஏனென்றால் அசைபோடாத வயிற்றைக் கடந்து வந்த களைவிதைகள் அந்தச் சூட்டில்தான் சாகும். நம் ஊரில் சூடு உதவும் ஒரே இடம் அதுதான். மழைக்காலத்தில் மூடிவையுங்கள், கிணற்றுக்கு அருகில் குவிக்காதீர்கள். குடற்புழு மருந்து கொடுத்த வாரத்து லத்தியை வாங்காதீர்கள். மருந்தின் எச்சம் சாணவண்டுகளுக்கு ஆகாது. வைக்கோல் கலந்ததற்கு மூன்று மாதம் போதும். மரச்சீவல் கலந்தது ஆறு மாதத்தையும் தாண்டலாம்.

மக்கியபின், களைக்கொல்லி எச்சம் இருக்கிறதா என்று பார்க்க, ஒரு தொட்டியில் பாதி மண், பாதி எரு நிரப்பித் தட்டைப்பயறை ஊன்றிவிட்டு, எரு சேராத மண்ணில் இன்னொரு தொட்டியையும் வைத்து மூன்று வாரம் பாருங்கள். இலை சுருண்டாலோ வெளுத்தாலோ வயலுக்குக் கொண்டுபோகாமல் என்னிடம் கொண்டுவாருங்கள். வரும்போது மண்ணோடு எருவிலும் ஒரு கிலோ எடுத்துவாருங்கள். தயவுசெய்து யூரியா சாக்கில் வேண்டாம், சுத்தமான துணிப்பை போதும்; மிளகாய்க்காரர் யூரியா சாக்கில் கொண்டுவந்த மாதிரியில் தழைச்சத்து ஏராளமாகக் காட்ட, மறுபடியும் மண் எடுத்துவரச் சொல்லி அவரை முப்பது கிலோமீட்டர் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று.