ஜெல்லி: தமிழில் உறைபாகு

ஜெல்லி என்பது பழத்தை வேகவைத்து, வடித்தெடுத்த தெளிந்த சாற்றைச் சர்க்கரையோடு காய்ச்சி உறையவிட்ட பண்டம். ஜாமில் பழத்தின் சதையும் சேர்ந்திருக்கும். ஜெல்லியில் சாறு மட்டும்தான். தட்டில் கவிழ்த்தால் வழியாமல் குலுங்கி நிற்க வேண்டும்.

சொல்லின் வேர் லத்தீன் மொழியின் ‘கெலு’, அதாவது உறைபனி. அதிலிருந்து பிரெஞ்சில் ‘ஷெலே’ வந்தது, அதன் வழியே ஆங்கிலத்தின் ஜெல்லி. ஜாமை மொரீசியசில் கிரியோல் பேசும் நம் வீடுகளில் ‘கொன்ஃபிதீர்’ என்போம். அதன் வேருக்குப் பக்குவம் செய்வது என்று பொருள். தெருவில் உப்பும் காடியும் மிளகாயும் சேர்த்து விற்கும் பழத்துண்டுகளான ‘கொன்ஃபி’யும் அதே குடும்பம்தான்.

ஜெலட்டினும் ‘கெலு’விலிருந்து பிறந்ததே. ஆனால் அது மாட்டின், பன்றியின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. கடையில் விற்கும் ஜெல்லிப் பொடிகள் பலவற்றில் அதுதான் இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருப்பவர்கள் பொட்டலத்தைப் படித்துப் பார்த்தே வாங்க வேண்டும். அலூடா என்னும் குளிர்ந்த பால் பானத்தில் போடும் கடற்பாசியும், பழத்திலேயே இருந்து சாற்றை உறையவைக்கும் பெக்டின் என்ற பொருளால் உறையும் ஜெல்லியும் சைவம்.

தமிழில் ஜாம், ஜெல்லி இரண்டையும் ‘பழப்பாகு’ என்று எழுதிவிடுகிறார்கள். ஜாமுக்கு அது பொருந்தும். ஜெல்லிக்குப் போதாது, பாகு ஓடக்கூடியது. ஜெல்லிமீனை ‘இழுதுமீன்’ என்பதைப் பார்த்துச் சிலர் ‘பழ இழுது’ என்கிறார்கள். பழைய நூல்களில் இழுது என்றால் வெண்ணெய், நெய், நிணம். கண்ணாடிபோலத் தெளிந்த பழச்சாற்றுக்கு அந்தப் பெயர் ஒட்டவில்லை. ‘உறைபாகு’ என்பதே சரி என்பது எங்கள் முடிவு. பால் உறைவதற்கும் பனி உறைவதற்கும் தமிழில் ஒரே வினைதான். 1825இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்ரி பிராகொன்னோ பிரித்தெடுத்து விவரித்த பெக்டினின் பெயரும் ‘உறைந்தது’ என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே.

உறைவது எப்படி? பெக்டின் இழைகள் சாற்றில் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. புளிப்பு அந்த விலக்கத்தைத் தணிக்கிறது. சர்க்கரை இழைகளைச் சுற்றியுள்ள நீரைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. இழைகள் கைகோத்து வலையாகின்றன. பெக்டின், புளிப்பு, சர்க்கரை மூன்றில் ஒன்று குறைந்தாலும் வலை விழாது.

நம் தீவில் இதற்கு ஏற்ற பழம் ‘கோயாவ் த ஷீன்’ எனும் சீனக் கொய்யா. பெயரில் சீனா இருந்தாலும் பிறப்பிடம் பிரேசில். குளிர் தொடங்கும் மாதங்களில் பிளேன் ஷாம்பான் பக்கம் பறிக்கப் போகிறவர்கள் நன்கு சிவந்ததை மட்டும் கூடையில் போடக்கூடாது. கால்பங்கு செங்காயாக இருக்கட்டும். கனியக் கனியப் பெக்டினும் புளிப்பும் குறையும்.

ஒன்றரைக் கிலோ பழத்தைக் கழுவி, பாதியாக நறுக்குங்கள். தோலையும் விதையையும் எடுக்க வேண்டாம், பெக்டினை நிறையத் தருபவை அவைதான். பழம் மூழ்கும் அளவு, ஏறக்குறைய ஒரு லிட்டர், தண்ணீர் விட்டு அரைமணி நேரம் சிறுதீயில் வேகவையுங்கள். லேசாக மசித்து, நனைத்துப் பிழிந்த மல் துணியில் கட்டி இரவெல்லாம் தொங்கவிடுங்கள். மூட்டையைக் கையால் பிழிந்தால் சாறு கூடுதலாக வரும், ஜெல்லியோ கலங்கிப்போகும்.

பெக்டின் போதுமா என்று பார்க்க ஆறிய சாறு ஒரு தேக்கரண்டியில் எரிசாராயம் மூன்று தேக்கரண்டி கலந்து ஒரு நிமிடம் விடுங்கள். ஒரே கட்டியாகத் திரண்டால் நிறைய உண்டு. சிறு சிறு திரிகளானால் இன்னும் சற்று வற்றவைக்க வேண்டும். இந்தக் கலவை நஞ்சு, வாயில் வைக்காமல் கொட்டிவிடுங்கள்.

லிட்டர் சாற்றுக்கு வெள்ளைச் சர்க்கரை 750 கிராம், எலுமிச்சைச் சாறு இரண்டு மேசைக்கரண்டி. நம்மூர்க் கருஞ்சர்க்கரை மணமானதுதான், ஆனால் அந்தச் சிவப்பை மங்கவைத்துவிடும். சர்க்கரை முழுதும் கரைந்தபின் தீயைக் கூட்டிக் கொதிக்கவிடுங்கள். கடற்கரையூரில் 104 முதல் 105 டிகிரி செல்சியஸில் பதம் வரும். ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்திலுள்ள கியூர்பிப்பில் தண்ணீரே 98 டிகிரியில் கொதிப்பதால் அங்கே 103ஐத் தாண்டவிடாதீர்கள். வெப்பமானி இல்லையென்றால் குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு, ஆறியதும் விரலால் தள்ளுங்கள். மேற்பரப்பு சுருங்கினால் இறக்கி, நுரையை எடுத்துவிட்டு, கொதிநீரில் போட்டெடுத்த சூடான பாட்டில்களில் உடனே ஊற்றி மூடுங்கள்.

அன்னாசி, பப்பாளிச் சாறுகளில் பெக்டின் குறைவு; அவற்றை ஜாமாகக் கிண்டுவதே மேல். மணல்போல நறநறத்தால் சர்க்கரை கரையுமுன் கொதித்திருக்கிறது, அல்லது மிகுந்திருக்கிறது. மேலே நீர் கசிந்தால் பெரும்பாலும் புளிப்பு அதிகம். மறுநாளும் உறையாவிட்டால் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டு மீண்டும் பதம் வரும்வரை கொதிக்கவையுங்கள். நெடுநேரம் காய்ச்சிப் பெக்டின் சிதைந்துபோயிருந்தால் இது பலிக்காது. அதைத் தண்ணீர் கலந்து சர்பத்தாகக் குடித்துத் தீர்க்கலாம்.