சுவரில் பூசணம்: பிளாஸ்டிக் திரையும் காற்றாடிப் பெட்டியும் எதற்கு?

வேளச்சேரியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அடுக்குமாடி வீடு. ஏசி போட்ட படுக்கையறைக்கு அடுத்த அறையில், பீரோவுக்குப் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். பூஞ்சை எதிர்ப்பு பெயிண்டும் இரண்டு கோட் அடித்தார். அடுத்த மழைக்காலத்தில் மறுபடி வந்துவிட்டது. பூசணம் அகற்றும் நிறுவனத்தைக் கூப்பிட்டால், அறையைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடி, ஒரு காற்றாடிப் பெட்டி வைத்து, மூன்று நாள் வேலை என்கிறார்கள். இன்னொருவர் ஒரே மணி நேரத்தில் மருந்துப் புகை அடித்துச் சரிசெய்கிறேன் என்கிறார், பாதி விலைக்கு. யாரை நம்புவது?

பிளாஸ்டிக் திரை கட்டுபவரைத்தான். ஏன் என்று சொல்வதற்கு முன் பள்ளிக்கூடப் பாடத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் உண்டு. பெயிண்ட், பசை, தூசு, பிளைவுட் என்று அதற்கான தீனி எல்லா வீட்டிலும் உண்டு. நம் ஊர் வெப்பமும் அதற்குத் தோதானது. மீதி வேண்டியது ஈரம் மட்டும்தான். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது.

புகை அடிப்பவர் விற்பது கொல்லும் மருந்து. ஆனால் செத்த வித்து மூக்கில் ஏறினாலும் தும்மல் வரும், ஆஸ்துமா உள்ளவருக்கு இழுப்பு வரும். ஒவ்வாமையைக் கிளப்புபவை பூஞ்சையின் புரதங்கள். பூஞ்சை செத்ததும் அவை மறைந்துவிடுவதில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2001-ல் பள்ளிகளுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும் வெளியிட்ட வழிகாட்டி இதைத் தெளிவாகவே சொல்கிறது: கொன்றால் போதாது, அகற்ற வேண்டும். பிளீச் அடிப்பதை வழக்கமான வைத்தியமாக அது பரிந்துரைப்பதில்லை. இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் கழிவறை ஆசிட்டை ஊற்றிவிடாதீர்கள். குளோரின் வாயு வெளிப்படும், மூடிய அறையில் அது ஆளைச் சாய்த்துவிடும்.

சரி, அகற்றிவிடலாம் என்று துடைப்பமும் கையுமாக இறங்கினால் வேறு சிக்கல். வீட்டுச் சுவர்களில் அடிக்கடி காணும் பூஞ்சைகளான பென்சிலியத்தையும் ஆஸ்பர்ஜில்லஸையும் நுண்ணோக்கியில் பார்த்தால், சிறு காம்புகளின் நுனியில் வித்துகள் சங்கிலி சங்கிலியாகக் கோத்து நிற்பது தெரியும். காற்றில் பறப்பதற்கென்றே அப்படி உலர்ந்து காத்திருக்கின்றன. பெரும்பாலும் 2 முதல் 5 மைக்ரான் அளவுதான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 3 மைக்ரான் வித்து ஆள் உயரத்திலிருந்து, அசையாத காற்றில்கூட, தரைக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மின்விசிறி ஓடினால் இறங்கவே இறங்காது. சாதாரண வேக்குவம் கிளீனர் ஒரு பக்கம் உறிஞ்சி, மறுபக்கம் அறை முழுக்கத் தூவிவிடும். ஒரு சுவரில் இருந்த பூசணத்தை வீடு முழுக்கப் பரப்பும் வழி இதுதான்.

அதனால்தான் திரை. தடித்த பாலித்தீன் ஷீட்டால் வேலை நடக்கும் இடத்தை மட்டும் சுற்றி அடைத்து, ஓரங்களில் டேப் ஒட்டி, ஜிப் வைத்த வாசல் விடுகிறார்கள். காற்றாடிப் பெட்டி உள்ளேயிருந்து காற்றை இழுத்து, வடிகட்டி, குழாய் வழியாக வெளியே தள்ளும். வெளியே போகும் காற்று அதிகமாகவும் உள்ளே வரும் காற்று குறைவாகவும் இருப்பதால் திரைக்குள் அழுத்தம் லேசாகக் குறையும். எவ்வளவு என்கிறீர்கள்? ஏறக்குறைய 5 பாஸ்கல் போதும். வளிமண்டல அழுத்தத்தில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு! இந்தத் துளி வித்தியாசத்தால் திரையின் எந்த ஓட்டையிலும் காற்று உள்ளே மட்டுமே போகும், வெளியே வராது. நீங்களே சோதிக்கலாம். ஜிப் ஓரமாக ஓர் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை இழை வளைந்து உள்ளே ஓட வேண்டும். பிளாஸ்டிக்கும் உள்பக்கமாகக் குழிந்திருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கினாலோ, வெளியே உப்பியிருந்தாலோ வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஹெப்பா வடிகட்டிதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம். வடிகட்டி என்றதும் தேநீர் வடிகட்டிபோல, ஓட்டையைவிடப் பெரியது நிற்கும், சிறியது போய்விடும் என்றுதான் நினைப்போம். ஹெப்பா அப்படி வேலை செய்வதில்லை. அது கண்ணாடி இழைகள் தாறுமாறாகக் கிடக்கும் ஒரு தாள், மடித்து மடித்து வைத்தது. இழைகளுக்கு நடுவே உள்ள வெளி, அது பிடிக்கும் மிக நுண்ணிய துகள்களைவிடப் பல மடங்கு பெரியது. பிறகு எப்படிப் பிடிக்கிறது?

காற்று ஓர் இழையை நெருங்கும்போது வளைந்து விலகிப் போகும். கனமான துகளால் அந்த வேகத்தில் வளைய முடியாது. நேராகப் போய் இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். நம் பூஞ்சை வித்துகளில் பெரும்பாலானவை இப்படித்தான் மாட்டுகின்றன. கொஞ்சம் சிறிய துகள் காற்றோடு வளைந்துவிடும். ஆனால் இழையை உரசிக்கொண்டு போகும்போது விளிம்பு தொட்டாலே போதும். அந்த அளவில் மூலக்கூறுகளுக்கு இடையிலான வான் டெர் வால்ஸ் ஈர்ப்பு அதை விடாது. இன்னும் சிறியதாக, 0.1 மைக்ரானுக்கும் கீழே போனால் தப்பித்துவிடும் என்றுதானே தோன்றுகிறது? அங்கேதான் அதிசயம். அவ்வளவு சிறிய துகளைக் காற்றின் மூலக்கூறுகளே நாலாபக்கமும் முட்டித் தள்ளுகின்றன. 1827-ல் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் கண்டாரே, அதே ஆட்டம். நேராகப் போகத் தெரியாமல் தள்ளாடித் தள்ளாடி ஏதாவது ஓர் இழையில் முட்டிவிடும். சிறியதாகச் சிறியதாகத் தள்ளாட்டம் கூடும், பிடிபடுவதும் கூடும்.

அப்படியானால் தப்பிக்கும் வாய்ப்பு அதிகம் யாருக்கு? நடுவில் இருப்பவருக்கு. மோதும் அளவுக்குக் கனமும் இல்லை, தள்ளாடும் அளவுக்குச் சிறிதும் இல்லை. அந்த அளவு சுமார் 0.3 மைக்ரான். ஹெப்பாவை அந்த அளவில்தான் சோதிக்கிறார்கள். அதிலேயே 99.97 சதவீதத்தைப் பிடிக்க வேண்டும், அதாவது பத்தாயிரத்தில் மூன்று மட்டுமே தப்பலாம். 3 மைக்ரான் வித்தெல்லாம் அதற்கு எளிய இரை. இந்தக் கணக்கைப் போட்டவர்களில் ஒருவர் வேதியியல் நோபல் பெற்ற இர்விங் லாங்மியூர். வடிகட்டி பிறந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அணுகுண்டுத் திட்டத்தின் கதிரியக்கத் தூசைப் பிடிப்பதற்காக. எதற்காகவோ செலவழித்த அடிப்படை ஆராய்ச்சி இன்று ஒரு குழந்தையின் நுரையீரலைக் காக்கிறது. 'இந்த ஆராய்ச்சியால் உடனே என்ன பலன்' என்று கேட்டு நிதியை வெட்டுபவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

திரைக்குள் நடக்கும் வேலை சுருக்கமானது. முகக்கவசம், கையுறை, கண்ணாடி போட்டவர்கள் பூசணம் பிடித்த பரப்பை முதலில் லேசாக நனைக்கிறார்கள், வித்து பறக்காமலிருக்க. ஊறிப்போன பிளைவுட், வால்பேப்பர், ஜிப்சம் போர்டு எல்லாம் வெட்டி எடுத்து, பையில் கட்டி, வெளியேற்றுகிறார்கள். அவற்றின் உள்ளே இறங்கிய இழைகளைத் துடைத்து எடுக்க முடியாது. டைல்ஸ், கண்ணாடி, உலோகம் என்றால் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். பிறகு ஹெப்பா வேக்குவம், ஈரத்துணி, மறுபடி ஹெப்பா வேக்குவம்.

2005-ல் கத்ரீனா புயலுக்குப் பின் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பகுதியில் ஆய்வு செய்த வீடுகளில் 46 சதவீதத்தில் கண்ணுக்குத் தெரியும் பூசணம் இருந்தது. மரச் சட்டகம்வரை சுவரை உரித்தெடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அங்கே சுவர் என்பதே காகிதம் ஒட்டிய ஜிப்சம் போர்டு. சென்னையில் 2015 வெள்ளத்தில் செங்கல் சுவரும் சிமென்ட் பூச்சும் அந்த அளவுக்குப் பூஞ்சைக்குத் தீனியாகவில்லை, போனவை பீரோவும் மெத்தையும்தான். இப்போது நாமும் வீடு முழுக்க ஃபால்ஸ் சீலிங்கும் வால்பேப்பரும் ஒட்டுகிறோம். மழை ஊரில் இது நல்ல யோசனையே இல்லை.

கறுப்பாக இருந்தாலே விஷம் என்று பயமுறுத்துபவர்களையும் நம்பாதீர்கள். 1990-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சில குழந்தைகளின் நுரையீரல் ரத்தக்கசிவுக்கு ஸ்டாகிபோட்ரிஸ் என்ற கறுப்புப் பூஞ்சை காரணம் என்று பேசப்பட்டது. அந்தத் தொடர்பு நிரூபணமாகவில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2000-ல் அறிவித்தது. ஆனால் ஈர வீட்டுக்கும் இருமல், இளைப்பு, ஆஸ்துமாவுக்கும் தொடர்பு உண்டு என்பதில் சந்தேகமில்லை. சுவர் கறுத்தால் வாஸ்து தோஷம் என்று பரிகாரத்துக்குப் பணம் கட்டுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணத்தில் மாடிக் குழாயின் கசிவை அடைத்திருக்கலாம். நம் தேசியக் காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளைக் கணக்கிடுகிறது, எல்லாம் வெளிக்காற்றில். நாம் இரவு முழுக்க மூச்சுவிடும் அறைக்காற்றுக்கும் ஆராய்ச்சிப் பணம் வர வேண்டும்.

வாசகியின் சுவருக்கு வருவோம். அவர் வீட்டில் குழாய்க் கசிவு இல்லை என்கிறார். அப்படியானால் என் சந்தேகம் பக்கத்து அறை ஏசி மேல். காற்று 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், அது 26 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனித்துளி விடும். இரவெல்லாம் 20 டிகிரியில் ஏசி ஓடினால் நடுச்சுவர் குளிர்கிறது. பீரோவுக்குப் பின்னால் காற்றோட்டமும் இல்லை. சுவர் 28 டிகிரியில் இருந்தால்கூட அதை ஒட்டிய காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தொடும். பூசணத்துக்குச் சொட்டும் தண்ணீர் தேவையில்லை, இதுவே போதும். ஆகவே ஏசியை 26-ல் வையுங்கள், பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது வேறு. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்தால் உப்பு, பூசணம் அல்ல. பூசணமே என்றாலும் மூன்றடிக்கு மூன்றடிக்குள் இருந்தால், முகக்கவசம் போட்டுக்கொண்டு, நனைத்து, சோப்புத் தண்ணீரால் நீங்களே துடைத்துவிடலாம். அதற்கு மேல் என்றால் நிறுவனத்தாரைக் கூப்பிடுங்கள். வேலை தொடங்கும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும் ஈரமானியைச் சுவரில் வைத்து, அதே வீட்டின் காய்ந்த சுவரோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகு பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கலாம்.