அட்வான்ஸ், டோக்கன், அச்சாரம்: வீட்டைப் பார்க்கும் முன் கொடுக்கும் பணத்துக்கு எது பெயர்?

அட்வான்ஸ் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூன்று வேறு வேறு பணத்தைப் போட்டு முடிந்து வைத்திருக்கிறோம். வீட்டை வேறு யாருக்கும் விட்டுவிடாதீர்கள் என்று பிடித்துவைக்கக் கொடுக்கிற ஆயிரம் இரண்டாயிரமும் அட்வான்ஸ்தான். குடிபோகும்போது வீட்டுக்காரர் கையில் கொடுத்து, காலி செய்யும்போது திரும்ப வாங்குகிற பெருந்தொகையும் அட்வான்ஸ். அடுத்த மாத வாடகையை முன்கூட்டியே கொடுத்தால் அதுவும் அட்வான்ஸ். காரைக்குடி செக்காலைப் பக்கம் டு-லெட் போர்டு பார்த்து வீடு பிடிக்கிறவருக்கு இதனால் பெரிய சேதம் இல்லை, வீட்டுக்காரர் மாடியிலேயே இருப்பார், சந்தேகம் வந்தால் படியேறிக் கேட்டுக்கொள்ளலாம். ஆனால் பிள்ளைக்கு பெங்களூரில் வேலை கிடைத்து, இங்கே முகப்பில் உட்கார்ந்தபடியே போனில் நாலு போட்டோவைப் பார்த்துவிட்டு அங்கே இருக்கிற ஒரு அபார்ட்மெண்டுக்குப் பணம் அனுப்புகிறவர்கள் இப்போது அதிகம். எந்தப் பணத்தை எதற்காக அனுப்புகிறோம், அது திரும்ப வருமா வராதா என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. 'அட்வான்ஸ் போட்டாச்சு' என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சரி, ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

அட்வான்ஸ் என்ற சொல் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கும் அடியில் இருப்பது 'அபாந்தே' என்ற பிற்கால லத்தீன் சொல், 'முன்னாலிருந்து' என்று பொருள். நடுவில் ஒலிக்கிற 'ட்' மூலத்தில் கிடையாது. 'அட்' என்ற முன்னொட்டு இருப்பதாகத் தவறாக நினைத்து 16-ஆம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலக்காரர்களே செருகிக்கொண்டது அது. முன்னால் நகர்வது என்பது முதற்பொருள், பணத்துக்கு வரும்போது உரிய நாளுக்கு முன்னால் கொடுப்பது. ஆக இதற்குச் சரியான தமிழ் முன்பணம். சம்பளத்தில் முன்பணம் வாங்கினால் மாதக் கடைசியில் பிடித்துக்கொள்வார்கள் அல்லவா, அதேபோல வாடகை முன்பணம் வாடகையில் கழியும். கழிகிற பணம் இது, திரும்பி வருகிற பணம் இல்லை. முதல் குழப்பமே இங்கேதான். திரும்பி வரவேண்டிய பணத்துக்குக் கழியும் பணத்தின் பெயரை வைத்துவிட்டோம். காலி செய்யும்போது கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் 'அட்வான்ஸில் கழிச்சுக்குங்க' என்று சொல்கிறவர்கள் சொல்லின் பொருளுக்கு நேர்மையாகத்தான் இருக்கிறார்கள், வீட்டுக்காரருக்குத்தான் கோபம் வரும்.

திரும்பி வரவேண்டியது டெபாசிட். லத்தீனில் 'கீழே வைத்தது' என்று பொருள். ரோமானியச் சட்டத்தில் இதற்குத் தனிப் பிரிவே இருந்தது: ஒருவரிடம் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லி ஒப்படைத்த பொருள், அவர் அதைத் தொட்டுப் பயன்படுத்தக் கூடாது, கேட்டவுடன் திருப்பித் தர வேண்டும். நம் பக்கத்தில் வைப்பு என்ற சொல் இதற்கு அப்படியே பொருந்தும். குறளிலேயே 'பொருள்வைப் புழி' என்று வருகிறது (226), செல்வத்தைச் சேமித்து வைக்கும் இடம். ஆனால் இன்றைக்கு வைப்புத்தொகை என்றால் எல்லோருக்கும் பேங்க்தான் நினைவுக்கு வரும், அங்கே வைத்தால் வட்டி உண்டு. வீட்டுக்காரர் வட்டி தரமாட்டார். அதனால் வாடகை வீட்டுக்கு வைப்புத்தொகை வேண்டாம், பிணைத்தொகை என்று சொல்வதே தெளிவு என்பது என் கட்சி. வாடகை பாக்கி வைத்தாலோ, கதவு கண்ணாடியை உடைத்தாலோ அதற்கு ஈடாக வீட்டுக்காரர் கையில் பிணையாக நிற்கிற பணம், அவ்வளவுதான் அதன் வேலை. காப்புத்தொகை என்றாலும் தப்பில்லை. கோயில் நிலக் குத்தகை, பஞ்சாயத்துச் சந்தை ஏல அறிவிப்புகளில் டேவணித் தொகை என்று போடுவார்கள், அது ஏலத்தில் நிற்பதற்குக் கட்டும் பணம். இலங்கையில் தேர்தலில் நிற்கிறவர் செலுத்துவதைக் கட்டுப்பணம் என்கிறார்கள். நாம் 'டெபாசிட் போச்சு' என்கிறோம்.

பிணைத்தொகை எவ்வளவு என்பதற்குச் சட்டம் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றது, ஆனால் சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் என்பது ஊரறிந்த வழக்கமாக இருந்தது. அதற்குப் பதில் வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் பிணைத்தொகை வாங்கக் கூடாது, வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. மூன்று மாதம் என்பதை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள், 'ஒப்பந்தம் வேறு மாதிரி இல்லாவிட்டால்' என்ற வாலை விட்டுவிடுகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படிக்க வேண்டும். இது தமிழ்நாட்டுச் சட்டம் என்பதால் பெங்களூர் வீட்டுக்குச் செல்லாது.

ஒத்தி வேறு கணக்கு. நம் பக்கம் 'வீடு ஒத்திக்கு' என்றால் மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துவிட்டுக் குடியிருப்பது, வாடகையும் கிடையாது வட்டியும் கிடையாது, கெடு முடிந்ததும் பணம் திரும்ப வரும். சிலர் போக்கியம் என்பார்கள், பட்டணத்தில் லீஸ். இதை யாரும் அட்வான்ஸோடு குழப்பிக்கொள்வதில்லை, தொகை பெரிசு என்பதால் எல்லோரும் உஷாராக இருக்கிறார்கள்.

இனி மூன்றாவது பணம், பிடித்துவைக்கக் கொடுப்பது. டோக்கன் அட்வான்ஸ் என்கிறார்கள். டோக்கன் பழைய ஆங்கிலத்தில் 'அடையாளம்' என்ற பொருளில் இருந்த சொல், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி வழியாக நமக்கு நன்றாகப் பழகிவிட்டது. இதற்குப் புதிதாகத் தமிழ்ச் சொல் ஆக்கவே வேண்டாம், அச்சாரம் இருக்கிறது. மலையாளத்திலும் அச்சாரம்தான். செய்தித்தாளில் 'கூட்டணிக்கு அச்சாரம் போட்டார்' என்று இன்னமும் எழுதுகிறார்கள், அரசியலுக்குக் கொடுத்துவிட்டு வீட்டு வாடகைக்கு நாம் டோக்கன் வாங்கிக்கொண்டோம்.

அச்சாரத்தின் வேலையை வடமொழியில் சத்யங்காரம் என்ற சொல்லே விளக்கிவிடும்: உண்மையாக்குவது. பேசிய பேச்சை மெய்யாக்குகிற பணம். யாக்ஞவல்கிய ஸ்மிருதி என்ற பழைய வடமொழி நீதிநூல், சத்யங்காரமாக வாங்கிய பொருளை இரண்டு மடங்காகத் திருப்பித் தரச் செய்ய வேண்டும் என்கிறது. ரோமானியர்களின் விதியும் கிட்டத்தட்ட இதேதான். வாங்குகிறவர் பின்வாங்கினால் கொடுத்தது போச்சு, விற்கிறவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் தர வேண்டும். அவர்கள் பயன்படுத்திய 'அர்ரா' கிரேக்கத்தில் 'அர்ரபோன்', அது செமிட்டிக் மொழி பேசிய வணிகர்கள் வழியாகக் கிரேக்கத்துக்குப் போன சொல். புதிய ஏற்பாட்டில் பவுல் எழுதிய கடிதங்களில் வருகிற இந்த அர்ரபோனைத் தமிழ் வேதாகமம் அச்சாரம் என்றுதான் பெயர்த்திருக்கிறது. மொழிபெயர்த்தவர்களுக்குச் சந்தை வழக்கு தெரிந்திருக்கிறது.

இரண்டு பக்கமும் கட்டுப்படுவதுதான் அச்சாரத்தின் உயிர். இன்றைய டோக்கனில் அது பாதிதான் இருக்கிறது: நீங்கள் வேண்டாம் என்றால் பணம் போச்சு, வீட்டுக்காரர் வேறு ஆளுக்கு விட்டால் 'உங்க பணத்தை வாங்கிக்குங்க' என்று கொடுத்ததையே கொடுப்பார், இரட்டிப்பெல்லாம் யார் கேட்பது.

இன்னொரு விஷயம், அச்சாரம் எப்போது கொடுப்பது என்பது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்து, சுழி பார்த்து, நடக்கவிட்டுப் பார்த்து, துண்டுக்கு அடியில் தரகர் விரலைப் பிடித்து விலை படிந்த பிறகுதான் அச்சாரம் கைமாறும். மாட்டைப் பார்க்காமல் யாரும் கொடுப்பதில்லை. உச்ச நீதிமன்றமும் 1969-ல் ஒரு வழக்கில், அச்சாரப் பணம் என்பது ஒப்பந்தம் முடிவாகும் அந்தத் தருணத்தில் கொடுக்கப்படுவது என்று வகுத்திருக்கிறது. இன்ன வீடு, இன்ன வாடகை, இன்ன தேதி முதல் என்று எதுவுமே முடிவாகாமல், வீட்டைக்கூடப் பார்க்காமல் அனுப்புகிற பணம் எப்படி அச்சாரமாகும்? முன்பணமும் இல்லை, வாடகையே தொடங்கவில்லை. பிணைத்தொகையும் இல்லை, சாவியே வாங்கவில்லை. பார்க்கக் கொடுக்கும் கட்டணம் என்று வேண்டுமானால் சொல்லலாம், அப்படி ஒரு கட்டணம் நேர்மையான வீட்டுக்காரர் யாரும் கேட்பதில்லை.

உள்ளூர்த் தரகர் சொல்வது இப்படி இருக்கும்: "ஆச்சி, இன்னும் ரெண்டு பார்ட்டி நிக்கிறாங்க, ஒரு ரெண்டாயிரம் டோக்கன் போட்டு விட்டுருங்க, வீட்டை ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துக்கலாம்." இவர் நல்லவராகவே இருக்கலாம், வரிசைதான் தலைகீழ். ஞாயிற்றுக்கிழமை பார்த்துப் பிடித்தால் அங்கேயே தருகிறேன் என்றால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார். இன்னொரு வகை ஆள் மோசடிக்காரர், மெசேஜில் பேசுவார்: "மேடம், நான் ஆர்மியில் இருக்கிறேன், இப்போது போஸ்டிங் வெளி மாநிலத்தில். அபார்ட்மெண்ட் உள்ளே போக கேட் பாஸ் எடுக்க வேண்டும், அந்தப் பணம் அட்வான்ஸில் கழிந்துவிடும்." கூடவே அடையாள அட்டைப் படம், யூனிஃபார்ம் போட்டோ. கேட் பாஸுக்குப் பிறகு அக்ரிமெண்ட் சார்ஜ், அதற்குப் பிறகு 'ரீஃபண்ட் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கள்'. பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், பின் நம்பர் போடவும் வேண்டாம், அதைப் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும். போய்விட்டால் யோசித்துக்கொண்டிருக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்ய வேண்டும், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு. இந்த ஆள் 'கழிந்துவிடும்' என்ற சொல்லை எங்கே போடுகிறார் என்று கவனியுங்கள், அட்வான்ஸின் மங்கலான பொருள்தான் அவருக்கு முதலீடு. ரங்கூன் கடைக் கணக்குக்கு ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு) எடுத்து ஊருக்கு அனுப்பிய நம் செட்டிநாட்டு ஊர்க்காரர்கள் பேரேட்டில் இரண்டு பணத்தை ஒரே தலைப்பில் எழுதியிருப்பார்களா என்ன.

நேரில் போக முடியாவிட்டால் அந்த ஊரில் இருக்கிற சொந்தக்காரரையோ பிள்ளையின் கூட்டாளியையோ போய்ப் பார்க்கச் சொல்லலாம், வீடியோ காலில் கதவைத் திறந்து உள்ளே போகச் சொல்லலாம். வீட்டு வரி ரசீதும் கரண்டு பில்லும் யார் பேரில் இருக்கிறது என்று கேட்கலாம். செட்டிநாட்டிலேயே ஒரு பழைய வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு எடுக்கிறவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பல வீடுகள் ஒருவர் பேரில் இல்லை. வளவை, அதாவது வீட்டின் நடுமுற்றத்தைச் சுற்றி இருக்கிற அறைகள் ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) பங்கு, பங்காளிகள் நாலு ஊரில், இரண்டு நாட்டில் இருப்பார்கள். அறை அவர் பங்காக இருக்கலாம், முகப்பும் வளவும் பொது. ஒரு பங்காளி வாங்கின அச்சாரம் மற்றவர்களைக் கட்டுப்படுத்தாது.

கடல் கடந்து போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. மலேசியாவில் வீடு பிடிக்கும்போது முதலில் கட்டுகிற தொகைக்கு எர்னஸ்ட் டெபாசிட் என்று பெயர், அச்சாரமேதான். அதன்பிறகு வழக்கமாக இரண்டு மாத வாடகை பிணையாகவும் ஒரு மாத வாடகை முன்பணமாகவும் கேட்பார்கள், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம் தனி. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர், ரசீதிலும் தனித்தனி வரி.

நாமும் தனித்தனியாக எழுதி வாங்கலாம். துண்டுச் சீட்டு போதும்: 'இன்ன கதவு எண் வீட்டை இவர் இன்று நேரில் பார்த்துச் சம்மதித்ததன் பேரில், மாத வாடகை இவ்வளவுக்கு, இன்ன தேதி முதல் குடிவர, அச்சாரமாக ரூ. 2,000 பெற்றுக்கொண்டேன். இத்தொகை பிணைத்தொகையில் சேரும். நான் வேறொருவருக்கு விட்டால் திருப்பித் தருவேன்.' கீழே பெயர், கையெழுத்து, தேதி. தொகை 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன்மேல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.