கொற்கையை விட்டுக் கடல் எப்படிப் போனது?

தூத்துக்குடி மாவட்டத்தில் ஏரல் பக்கம் இருக்கும் சின்ன ஊர் கொற்கை. வயலும் வாழையும் ஒரு பெரிய குளமும்தான் அங்கே கண்ணில் படும். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இதுதான் என்றால் புதிதாக வருபவருக்கு நம்பிக்கை வராது. கடல் கிழக்கே 6, 7 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. தாமிரபரணிகூட சுமார் 3 கிலோமீட்டர் தெற்கே விலகித்தான் ஓடுகிறது.

ஆனால் சான்றுகள் வலுவானவை. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், இங்கே தண்டனை பெற்ற கைதிகளை வைத்து முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு ஒன்றின் காலம், கி.மு. 785ஐ ஒட்டியது என்று கணிக்கப்பட்டது.

கடல் தானாக விலகவில்லை. ஆறு அதைத் தள்ளியது. பொதிகை மலையில் பிறக்கும் தாமிரபரணி ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் மணலையும் வண்டலையும் அள்ளிக்கொண்டு வருகிறது. முகத்துவாரத்தில் வேகம் குறைந்ததும் கனமான மணல் முதலில் படிகிறது. நுண்ணிய களிமண் அவ்வளவு சீக்கிரம் படியாது. அதன் துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்னூட்டம் கொண்டவை. கடல்நீரின் உப்பு அந்த விலக்கத்தை அடக்கிவிடுகிறது. துகள்கள் ஒட்டித் திரண்டு அடியில் இறங்குகின்றன. வீட்டிலேயே பார்க்கலாம்: இரண்டு டம்ளர் கலங்கல் தண்ணீரில் ஒன்றில் மட்டும் கல்லுப்பைப் போட்டுக் கலக்கி வையுங்கள். உப்பு போட்டது சீக்கிரம் தெளியும்.

படிந்ததைத் திரும்ப வாரிக்கொண்டு போக வலுவான ஓதம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்கும் ஓட்டம், வேண்டும். மன்னார் வளைகுடாவிலோ ஓத ஏற்ற இறக்கம் பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான். அதனால் சேறு தங்கிவிட்டது. அலைகள் அதற்கு முன்னால் மணல்திட்டு போட்டன. திட்டுக்குப் பின்னால் உப்பங்கழி தேங்கி, சதுப்பாகி, கடைசியில் வயலானது. தன் படுகை மேடாகிப்போனதும் ஆறும் பள்ளம் தேடித் திசை மாறும். கழிமுகத்து ஆறுகள் எல்லாவற்றுக்கும் உள்ள பழக்கம் இது.

2,000 ஆண்டுகளில் 6 கிலோமீட்டர் என்று வைத்தால் ஆண்டுக்குச் சராசரியாக 3 மீட்டர் வருகிறது. ஒரே சீராக நடந்திருக்காது. பெருவெள்ளம் வந்த ஆண்டுகள்தான் நிறைய நிலத்தைக் கொடுத்திருக்கும்.

வணிகமும் கடலைத் துரத்திக்கொண்டே போனது. கொற்கைக்கும் கடலுக்கும் நடுவில் காயல் என்ற ஊர் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்கோ போலோ, அரேபியக் குதிரைகள் வந்து இறங்கும் செழிப்பான துறைமுகமாக அதை வர்ணிக்கிறார். அதுவும் தூர்ந்து இன்று பழையகாயல் ஆகிவிட்டது. அப்புறம் போர்ச்சுகீசியர் காலத்தில் புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி. வண்டல்தான் இந்த இடமாற்றத்துக்குக் காரணம் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே கால்டுவெல் எழுதியிருக்கிறார்.

இப்போது பாபநாசம், மணிமுத்தாறு அணைகள் தண்ணீரோடு வண்டலையும் நிறுத்திவைக்கின்றன. கழிமுகத்துக்கு வரும் பங்கு குறையத்தான் செய்யும்.

பழைய கரை எங்கே இருந்தது? அகழாய்வுக் குழிகள் மட்டும் இதற்குப் போதாது. கொற்கையிலிருந்து புன்னைக்காயல் வரை வரிசையாகத் துளையிட்டு மண் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. கீழே கடற்சிப்பி கலந்த களி, அதன் மேல் சதுப்பின் கரிய சேறு, அதற்கும் மேல் ஆற்று வண்டல் என்று அடுக்கு மாறும் ஆழத்தை ஒவ்வொரு துளையிலும் குறித்து, சேற்றிலுள்ள தாவர எச்சங்களின் வயதைக் கணித்தால், எந்த நூற்றாண்டில் கரை எந்த வயலுக்கு அடியில் இருந்தது என்று கோடு போட்டே காட்டிவிடலாம்.