சொல் விளக்கம்: கடைமடை

ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை வழியாக இணையம் கொண்டுபோகும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் இழுத்துக்கொண்டே போவதை நாடாளுமன்ற நிலைக்குழு கேள்வி கேட்ட செய்தியைத் தொலைக்காட்சியில் வாசித்தார்கள். “கடைசி மைல் இணைப்பில் தாமதம்” என்றார்கள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாமா பக்கத்தில் இருந்தார். “இன்னும் ஒரு மைல்தானே பாக்கி? அதுக்கா இத்தனை வருஷம்?” என்றார். அவர் காதில் விழுந்த தமிழுக்கு அதுதான் பொருள். அன்றைக்கு மட்டும் அந்தச் சொல்லை எத்தனையாவது முறையாகக் கேட்டேனோ, இதை எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றிவிட்டது.

‘லாஸ்ட் மைல்’ தொலைபேசிக்காரர்களின் சொல். தொலைபேசி நிலையத்திலிருந்து சந்தாதாரர் வீடு வரை போகும் கம்பிக்கு அப்படிப் பெயர். அது நூறு மீட்டராகவும் இருக்கலாம், ஐந்து கிலோமீட்டராகவும் இருக்கலாம். ஆங்கிலத்திலேயே அங்கே மைல் என்பது அளவு அல்ல. தூக்குத்தண்டனைக் கைதி கடைசியாக நடந்துபோகும் வழிக்கும் ஆங்கிலத்தில் இதே பெயர் உண்டு. இது தெரியாமல் சிலர் ‘இறுதி மைல்’ என்று வேறு எழுதுகிறார்கள். இறுதி ஊர்வலம், இறுதிச் சடங்கு என்று பழகிய காதுக்கு அது எப்படி ஒலிக்கும் என்று ஒரு கணம்கூட யோசிப்பதில்லை.

‘கடைசி மைல்’ அழகில்லாத சொல் என்பது சின்னக் குறை. அது பொய்யான கணக்கைத் தருகிறது என்பதுதான் பெரிய குறை. 1956-லேயே மெட்ரிக் அளவைக்குச் சட்டம் போட்ட நாட்டில், மைல் என்றதும் ‘கொஞ்ச தூரம்’ என்றுதான் மனம் எடுத்துக்கொள்கிறது. பெரும்பகுதி முடிந்துவிட்டது, ஓரத்தில் துளி பாக்கி என்கிற ஆறுதல் அதில் ஒட்டிக்கொள்கிறது. நடந்ததோ நேர்மாறு. சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கும் திட்டத்துக்கு 2011 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அப்போதைய பெயர் தேசியக் கண்ணாடி இழை வலையமைப்பு, மதிப்பீடு சுமார் 20,000 கோடி ரூபாய், கெடு இரண்டே ஆண்டு. முதல் கட்டமான ஒரு லட்சம் ஊராட்சிகள் முடியவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. நிலைக்குழு 2018-ல் இத்திட்டத்தின் முன்னேற்றத்தைப் பற்றியே தனி அறிக்கை தந்தது. 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டத்துக்கு 1,39,579 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் ஆனது. இதற்குப் பெயர் ஒரு மைலா?

இதற்கான சொல் நம்மிடம் முன்பே இருக்கிறது, அதுவும் தினசரிப் புழக்கத்தில். கடை என்றால் முடிவு. மடை என்றால் வாய்க்காலிலிருந்து வயலுக்கு நீர் பாயும் வாய். வாய்க்காலின் தொடக்கத்தில் இருப்பவன் தலைமடைக்காரன், முடிவில் இருப்பவன் கடைமடைக்காரன். மேட்டூரில் தண்ணீர் திறக்கிறார்கள், கல்லணையில் மலர் தூவுகிறார்கள், படங்கள் வருகின்றன. சில வாரம் கழித்துப் பேராவூரணியிலிருந்தோ வேதாரண்யத்திலிருந்தோ ‘கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை’ என்று செய்தி வரும். அந்த ஒரு வாக்கியத்தில் முழு வழக்கும் இருக்கிறது. அணையில் நீர் இருக்கிறது, திறந்தும் விட்டார்கள், நடுவில் எங்கோ தூர்வாரவில்லை, எங்கோ உடைப்பு, எங்கோ தலைமடைக்காரன் எடுத்துக்கொண்டான்.

பாரத்நெட்டின் அமைப்பும் இதேதான். ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம் வரை பி.எஸ்.என்.எல். முதலான பொதுத்துறை நிறுவனங்களின் இழை பெரும்பாலும் முன்பே இருந்தது. அங்கிருந்து ஊராட்சிக்குப் புதிதாகப் பதிப்பதுதான் திட்டம். ஊராட்சியிலிருந்து வீட்டுக்கு? அதைச் சேவை நிறுவனங்கள் வந்து பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டார்கள். கிராமத்தில் ஒன்றரைக் கோடி வீட்டு இணைப்பு என்ற இலக்கே 2023 திட்டத்தில்தான் வருகிறது. வாய்க்காலை வெட்டிவிட்டு வயலுக்கு மடை வைக்காமல் போன கதை. மாமாவிடம் “கடைமடைக்கு இன்னும் வரல மாமா” என்றேன். உடனே, “யாரு அடைச்சு வச்சிருக்கா?” என்று கேட்டார். குழு கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. சரியான சொல் வந்தவுடன் சரியான கேள்வி தானாக வந்துவிட்டது.

பாசனச் சொல்லை மின்னணுவியலுக்குக் கொண்டுவரலாமா என்று ஒரு நண்பர் தயங்கினார். மின்சாரம் பாய்கிறது என்கிறோம், மின்னோட்டம் என்கிறோம். ஆங்கிலத்தில் தரவு ஓடையாகவே ஓடுகிறது, ‘அப்ஸ்ட்ரீம்’, ‘டவுன்ஸ்ட்ரீம்’ என்று மேலும் கீழுமாக. அவர்கள் ஆற்றங்கரையிலிருந்து சொல் எடுக்கலாம், காவிரிக்கரையில் இருப்பவன் எடுக்கக்கூடாதா?

‘கடைக்கோடி இணைப்பு’ என்று எழுதுவோர் உண்டு. அது நல்ல தமிழ்தான், ஆனால் அது இடத்தைச் சொல்கிறது, பாய்வதைச் சொல்லவில்லை. ஊராட்சி அலுவலகத்துக்கு எதிர்வீடு கடைக்கோடியில் இல்லை. அந்த வீட்டுக்கு இணைப்பு இல்லையென்றால் அது கடைமடை வீடுதான். தவிர, ‘கடைக்கோடி மனிதனுக்கும்’ என்று மேடையில் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லைத் தேய்த்துவிட்டார்கள்.

மெட்ரோ நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போவதையும் ‘கடைசி மைல்’ என்கிறார்கள். அங்கே கடைமடை பொருந்தாது. இணைப்புப் பேருந்து, இணைப்பு ஆட்டோ என்றாலே போதும். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே வேண்டும் என்பதில்லை. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியை எடுக்குமுன் பொருளை ஒருமுறை பார்க்கலாம்.

பார்க்காததன் விளைவு ‘சர்வீஸ் ரெடி’யிலும் தெரிகிறது. 2.14 லட்சம் ஊராட்சிகள் ‘சர்வீஸ் ரெடி’ என்று அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. இழை வந்தது, கருவி பொருத்தியாயிற்று, சேவை தரலாம் என்பது மட்டுமே அதன் பொருள். தமிழில் அது ‘2.14 லட்சம் கிராமங்களுக்கு இணைய வசதி’ ஆகிவிடுகிறது. ஊராட்சி கிராமமாகிறது, ஆயத்தம் வசதியாகிறது. ‘சேவைக்கு ஆயத்தமான ஊராட்சிகள்’ என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? வாய்க்கால் வந்த ஊரையெல்லாம் நடவு முடிந்த ஊராக யாராவது கணக்குக் காட்டினால் எங்கள் மாமா ஒப்புக்கொள்ள மாட்டார்.