பெயர் நீக்கிய தரவில் தெரிந்த வீட்டு வாசல்

வாகன மின்னணுவியல் துறையில் சோதனைப் பொறியாளராகப் பணியாற்றுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு, ஆறு கார்களில் பொருத்திய பெட்டிகள் இரண்டு வாரங்களில் பதிவுசெய்த தரவைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் வந்தது. வண்டி எண், சேஸிஸ் எண், ஓட்டியவரின் பெயர், கைப்பேசி எண் ஆகிய அனைத்தையும் முன்னரே நீக்கியிருந்தார்கள். எஞ்சியிருந்தவை நேரம், இருப்பிடம், வேகம், பிரேக் அழுத்தம், வைப்பர் ஓடியதா இல்லையா என்ற குறிப்பு ஆகியவை மட்டுமே. நான் தேடியது ஈரச் சாலையில் திடீரென பிரேக் பிடித்த தருணங்களை. புள்ளிகளை வரைபடத்தில் இட்டுப் பார்த்தபோது, மூன்றாவது வண்டி ஒவ்வொரு நாளும் இரவு பத்தரைக்கு மேல் சென்னை மடிப்பாக்கத்தில் ஒரே தெருவில், ஒரே வாசலில் நிற்பது கண்ணில் பட்டது. அது என் அலுவலகத்தில் உடன் வேலை செய்பவரின் வீடு; அங்கே நான் ஒரு காதணி விழாவுக்குப் போயிருக்கிறேன்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதே வண்டி வாரத்தில் இரண்டு நாள், வீட்டுக்கு எதிர்த் திசையில் இருந்த ஒரு மருத்துவமனை வளாகத்தில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் நின்றிருந்தது. அவர் வீட்டில் ஒருவருக்கு டயாலிசிஸ் நடந்துவந்ததை அவர் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்டறியவில்லை, பிரேக் தரவைத் தேடப் போய் அதை ஊகித்துவிட்டேன், பின்னாளில் அவரே சொன்னபோது ஊகம் சரியென்று தெரிந்தது. தரவைப் பார்த்த மறுநாள் தேநீர் இடைவேளையில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

வண்டிகள் தரவைப் பரிமாறுவதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், 'என் கார் பக்கத்துக் காரோடு பேசுமாமே, அதை யாராவது ஒட்டுக்கேட்டால்?' என்றுதான் பலரும் கேட்கிறார்கள். பயம் நியாயமானதுதான், ஆனால் இடம் மாறி விழுகிறது. வண்டிக்கு வண்டி நடக்கும் பேச்சைப் பற்றி இத்துறை இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கவலைப்பட்டு, ஓரளவு நன்றாகவே பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது. கவலைப்பட வேண்டியது அந்தப் பேச்சுக்குப் பிறகு மேலே பதிவேற்றப்பட்டு, யாருடைய சர்வரிலோ ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும் பிரதியைப் பற்றித்தான்.

முதலில் சாலையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி போகிறது, அதற்கு முன்னால் போகும் கார் சட்டென்று பிரேக் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி மறைப்பதால் உங்கள் கண்ணுக்கோ, உங்கள் காரின் கேமராவுக்கோ, ரேடாருக்கோ அது தெரியாது. ஆனால் அந்தக் கார் தன் இடம், வேகம், திசை, பிரேக் நிலை ஆகியவற்றை ஒரு நொடிக்கு 10 முறை வரை வானொலி அலையில் அறிவித்துக்கொண்டே இருந்தால், சில நூறு மீட்டர் சுற்றளவில் உள்ள வண்டிகள் அதை நேரடியாகப் பெற்றுக்கொள்ளும். நடுவில் செல்போன் கோபுரம் தேவையில்லை. அருகருகே வரும்போது உருவாகி, விலகும்போது கலைந்துவிடும் இந்த வலையமைப்பைத்தான் அட்-ஹாக் நெட்வொர்க் என்கிறோம். இதற்கென்று அமெரிக்காவில் 1999-லேயே 5.9 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 75 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசை ஒதுக்கப்பட்டது. எதிர்பார்த்த அளவுக்குப் பயன்பாட்டுக்கு வராததால் 2020-ல் அதில் 45 மெகாஹெர்ட்ஸை வைஃபைக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜப்பானில் டொயோட்டா 2015-லும், ஐரோப்பாவில் வோக்ஸ்வாகன் எட்டாம் தலைமுறை கோல்ஃப் காரிலும் இதை விற்பனைக்கே கொண்டுவந்தன.

இந்த அறிவிப்பில் வண்டியின் பெயரோ நம்பர் பிளேட்டோ இருப்பதில்லை. பொய்ச் செய்திகளைத் தடுக்க ஒவ்வொரு அறிவிப்பும் மின்கையொப்பத்தோடு வர வேண்டும், ஆனால் ஒரே கையொப்பம் திரும்பத் திரும்ப வந்தால் அதைப் பிடித்துக்கொண்டே வண்டியைப் பின்தொடரலாம் அல்லவா? அதற்காக அமெரிக்க வடிவமைப்பில் கையொப்பத்தோடு காட்டுவதற்காக, உண்மைப் பெயர் இல்லாத புனைபெயர்ச் சான்றிதழ்கள் ஒரு வண்டிக்கு வாரத்துக்கு 20 தரப்படுகின்றன. வண்டி அவற்றைச் சிறிது நேரத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. சான்றிதழ் வழங்கும் பொறுப்பையே பல அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுத்திருப்பதால், எந்த ஓர் அமைப்பும் தனியாக முயன்று இந்த 20 பெயர்களும் ஒரே வண்டியுடையவை என்று கண்டுபிடிக்க முடியாது. பெயர் மாறும் அதே கணத்தில் வானொலிக் கருவியின் அடையாள எண்ணும் மாற வேண்டும். இல்லாவிட்டால் அது மீசையை மழித்துவிட்டு அதே சட்டையோடு வந்து நிற்பதைப் போன்றது. வண்டியின் நீள அகலத்தை சென்டிமீட்டர் கணக்கில் அறிவிக்கும் பழக்கம் இன்னும் அந்தச் சட்டையாகத்தான் இருக்கிறது என்பது என் கருத்து; நடுநிசியில் ஆளில்லாத சாலையில் ஒரே ஒரு கார் பெயரை மாற்றிக்கொண்டு ஒரு பயனும் இல்லை என்பதும் உண்மை. ஆனாலும், இவ்வளவு தூரம் யோசித்துச் செய்த வேலை இது.

கையொப்பம் இருந்தால் செய்தி உண்மையாகிவிடும் என்றும் எண்ணிவிட வேண்டாம். சான்று பெற்ற கருவி ஒன்று இதைச் சொன்னது என்பதற்குத்தான் கையொப்பம் சாட்சி. சொன்னது சரியா என்பதற்கு இல்லை. கத்திப்பாரா மேம்பாலத்துக்கு அடியில் செல்லும் வண்டி, தான் மேலே போவதாக நினைத்துக்கொள்வது எங்களுக்குப் பழகிப்போன தொல்லை. செயற்கைக்கோள் சமிக்ஞை கான்கிரீட்டில் பட்டுத் தெறித்து வருவதால் இடம் பல மீட்டர் தள்ளிப்போய்விடுகிறது. கீழே நிற்கும் அந்த வண்டி மிகுந்த நேர்மையோடு, முறையான கையொப்பமிட்டு, மேம்பாலத்தின் நடுவில் நிற்பதாக அறிவிக்கும். ஆகவே, வந்த செய்தியைத் தன் சொந்தக் கேமராவோடும் ரேடாரோடும் ஒப்பிட்டுப் பாராமல், அதை மட்டுமே நம்பி பிரேக் பிடிக்கும் வண்டியைச் சாலையில் விடக் கூடாது.

இனி பதிவேற்றம். வண்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அந்த நிமிடத்துக்கு உதவும். சாலையின் நிலையை அரை மணி நேரம் கழித்து வரும் வண்டிக்குச் சொல்ல வேண்டுமானால் அதை எங்காவது சேமித்தாக வேண்டும். சக்கரம் வழுக்கியதையும், அபாய விளக்கு எரிந்ததையும் கார்கள் மேகக் கணினிக்கு (கிளவுட்) அனுப்பி, பின்னால் வரும் கார்களுக்கு எச்சரிக்கை தரும் முறையை வோல்வோ 2016-ல் ஸ்வீடனிலும் நார்வேயிலும் தொடங்கியது. பனி உறைந்த சாலைகளில் அது எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே குழியைப் பத்து வண்டிகள் பத்து முறை பதிவேற்றுவது வீண் என்பதால், பக்கத்தில் உள்ள வண்டிகள் தமக்குள் ஒன்றைத் தலைமையாக வைத்துக்கொண்டு, எல்லாருடைய தரவையும் சுருக்கி அதன் வழியாக மட்டும் மேலே அனுப்பும் ஏற்பாடுகளும் ஆய்வுகளில் நிறைய இருக்கின்றன. கோபுரம் எட்டாத மலைப்பாதையில் ஒரு வண்டி தன் தரவை எதிரே இறங்கி வரும் வண்டியிடம் ஒப்படைக்கும். அது சமவெளியில் சிக்னல் கிடைத்ததும் பதிவேற்றும். ஊருக்குப் போகிற ஆளிடம் கடிதம் கொடுத்தனுப்புகிற அதே வழக்கம்தான். அந்தக் கடிதத்தை ஒட்டித் தர வேண்டும் என்பது நம் பாட்டிமாருக்கே தெரிந்திருந்தது. அதுபோல, எடுத்துச் செல்லும் வண்டியால் திறக்க முடியாதபடி, சேருமிடத்தில் மட்டுமே திறக்கும்படி தரவை மறையாக்கம் செய்தாக வேண்டும்.

வழியில் களவு போவதை இப்படித் தடுத்துவிடலாம். சேர்ந்த இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. 2024 டிசம்பரில், கணினிப் பாதுகாப்பு ஓட்டைகளைக் கண்டறியும் ஜெர்மானிய அமைப்பான கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப்பும் டேர் ஷ்பீகல் இதழும் வெளிக்கொண்டு வந்த செய்தி இதற்குப் பொருத்தமான பாடம். வோக்ஸ்வாகன் குழுமத்தின் மென்பொருள் நிறுவனமான காரியாட் வைத்திருந்த, ஏறத்தாழ 8 லட்சம் மின்சாரக் கார்களின் தரவு, அமேசான் மேகக் கிடங்கில் வெளியாருக்கு எட்டும் நிலையில் இருந்தது. அவற்றில் சுமார் 4.6 லட்சம் கார்களுக்கு நிறுத்திய இடம் துல்லியமாக இருந்தது. வோக்ஸ்வாகன் கார்களுக்கும், அதே குழுமத்தின் சியட் கார்களுக்கும் பத்து சென்டிமீட்டர் வரை. எந்த மேதையும் வானொலி அலையை உடைத்து இதை எடுக்கவில்லை. உள்ளுக்குள் ஓடும் ஒரு செயலியின் நினைவகப் பிரதியை வெளியிலிருந்து எடுக்க முடிந்தது. அதற்குள் கிடங்கின் சாவி கிடந்தது. ஹாம்பர்க் காவல்துறை வண்டிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, டொயோட்டா ஜப்பானில் ஏறத்தாழ 21.5 லட்சம் வாடிக்கையாளர்களின் தரவு, 2013 நவம்பர் முதல் 2023 ஏப்ரல் வரை, அமைப்பில் செய்த ஒரு தவறால் வெளியே தெரியும்படி இருந்ததை ஒப்புக்கொண்டது. பத்தாண்டுக் காலம் யாரும் கவனிக்கவில்லை.

திருட்டே இல்லாமலும் தரவு கைமாறும். ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களின் இருப்பிடத்தைச் சில வேளைகளில் 3 நொடிக்கு ஒருமுறை சேகரித்து, ஓட்டும் பழக்கத்தோடு சேர்த்து, தனிநபர்களைப் பற்றிய விவரங்களைத் திரட்டித் தரும் நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களுக்கு விற்றதாக அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் குற்றம்சாட்டியது. அந்த அறிக்கைகளைக் காப்பீட்டு நிறுவனங்கள் பிரீமியத்தை நிர்ணயிக்கப் பயன்படுத்தின என்பதும் அதன் குற்றச்சாட்டு. அத்தகைய தரவை ஐந்தாண்டுகளுக்கு நுகர்வோர் அறிக்கை நிறுவனங்களிடம் தரக் கூடாது என்ற தடை 2025 ஜனவரியில் முன்மொழியப்பட்டது. பதிவேற்றத்தைத் தொடங்கி வைத்த காரணம் பாதுகாப்பாகவே இருந்திருக்கலாம். ஆனால், ஒரு காரணத்துக்காகச் சேர்ந்த தரவுக்கு மற்றொரு காரணம் தானாக முளைக்கும்.

'பெயரை நீக்கிவிட்டுத்தான் வைத்திருக்கிறோம்' என்று நிறுவனங்கள் சொல்லும்போது எனக்கு மடிப்பாக்கம்தான் நினைவுக்கு வரும். அது என் தனி அனுபவம் மட்டும் இல்லை. 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசி இருப்பிடத் தரவை ஆராய்ந்து 2013-ல் வெளியான ஆய்வொன்றில், நேரத்தோடு கூடிய நான்கே இடப்புள்ளிகள் இருந்தால் நூற்றில் 95 பேரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று தெரியவந்தது. கார்த் தரவு அதைவிடக் கூர்மையானது. பயணத்தின் முதல் சில நூறு மீட்டரையும் கடைசிச் சில நூறு மீட்டரையும் வண்டியிலேயே வெட்டிவிட்டு அனுப்புவது, நேரத்தை மணிக்கணக்கில் மழுங்கடிப்பது, குழியின் இடத்தை மட்டும் அனுப்பிவிட்டு அதைக் கண்ட வண்டியின் பாதையை அனுப்பாமல் இருப்பது என்று எளிய வழிகள் இருக்கின்றன. இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. 'பின்னால் எதற்காவது பயன்படும்' என்று எல்லாவற்றையும் சேர்த்து வைக்கும் ஆசையைத்தான் விட வேண்டியிருக்கிறது. எங்கள் கூட்டங்களில் நான் அதிகம் தோற்பது இந்த வாதத்தில்தான்.

நம் ஊரில் இது இன்னும் வரவில்லையே என்று தோன்றலாம். வண்டிக்கு வண்டி நேரடியாகப் பேசுவது இங்கே அரிது. ஆனால் பதிவேற்றம் எப்போதோ வந்துவிட்டது. 2019 முதல் விற்பனையாகும் 'கனெக்டெட்' கார்களில், இணையத்தோடு இணைக்கும் இ-சிம் உள்ளேயே இருக்கிறது. அதே ஆண்டு ஜனவரி முதல் புதிய பொதுப் போக்குவரத்து வாகனங்களில் இருப்பிடம் காட்டும் கருவியும் அவசரப் பொத்தானும் கட்டாயம் என்ற விதி வந்தது. ஓட்டும் தூரத்தையும் ஓட்டும் விதத்தையும் பொறுத்து பிரீமியம் வாங்கும் காப்பீட்டுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் அனுமதி கொடுத்தது. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2025 நவம்பரில் விதிகள் வெளியாகியுள்ளன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் பெறும் வாய்ப்பை அந்தச் சட்டம் தருகிறது. அதாவது, ஷோரூமில் ஆங்கிலத்தில் நீளமாக ஓடும் அந்தத் திரையைத் தமிழில் கேட்க உங்களுக்கு வழி இருக்கும்.

அதுவரை, வண்டியை எடுக்கும் நாளில் மாலை போட்டு எலுமிச்சை வைக்கும் அவசரத்தில், விற்பனையாளர் உங்கள் கைப்பேசியை வாங்கித் தானே 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்த விடாதீர்கள். செயலியின் அமைப்புப் பகுதியில் இருப்பிடப் பகிர்வு, ஓட்டும் மதிப்பெண், மூன்றாம் தரப்பினருக்குப் பகிர்தல் ஆகியவை பெரும்பாலும் தனித்தனியாக இருக்கும். விபத்து நேரத்தில் உதவி அழைக்கும் வசதியை வைத்துக்கொண்டு மற்றவற்றை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். காப்பீட்டுக் கருவி பொருத்தச் சொன்னால், தூரம் மட்டும் போகிறதா, பாதையும் போகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். வாடகைக் காரில் கைப்பேசியை இணைத்தால், திருப்பிக் கொடுக்கும் முன் உங்கள் தொடர்பு எண்களை அதிலிருந்து அழித்துவிடுங்கள்.

வண்டியை விற்கும்போது செய்ய வேண்டியதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, பெரியப்பா தன் கைப்பேசியை என்னிடம் நீட்டினார். அவர் எட்டு மாதங்களுக்கு முன்பு திண்டுக்கல்லில் ஒருவருக்கு விற்ற காரின் படம், பூட்டியிருக்கிறதா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், எங்கே நிற்கிறது என்ற விவரங்களோடு திரையில் இருந்தது. "தம்பி நல்லாத்தான் வச்சிருக்கான்டா, நேத்துகூடப் பழநிக்குப் போயிட்டு வந்திருக்கான்" என்றார் பெருமையாக. ஆர்.சி. பெயர் மாற்றம், காப்பீடு, மாற்றுச் சாவி என்று எல்லாவற்றையும் சரியாகக் கொடுத்திருந்தார். செயலிக் கணக்கிலிருந்து வண்டியை நீக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியவில்லை, வாங்கியவருக்கும் தெரியவில்லை, நடுவில் நின்ற டீலரும் சொல்லவில்லை. கார்க் கதவைத் திறக்கும் பொத்தான்கூட அந்தத் திரையில் வேலை செய்யும் நிலையில் இருந்தது.

அவர் முன்னிலையிலேயே கணக்கிலிருந்து வண்டியை நீக்கினேன். பிறகு வாங்கியவருக்குப் பெரியப்பாவை விட்டே போன் செய்ய வைத்து, காரின் திரையில் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் பகுதி எங்கே இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தேன். எதற்கு என்று அவர் கேட்டபோது, பெரியப்பா பழநிப் பயணத்தைச் சொல்லிவிட்டார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.