மதராசின் பெயர் தாங்கிய செடியும் கீழாநெல்லியும்

ஐப்பசி மழை இரண்டு சுற்றுப் பெய்து ஓய்ந்தால் போதும், சென்னையின் மதிலடிகளிலும் நடைபாதை இடுக்குகளிலும் பள்ளம் தோண்டிக் குவித்த மண்மேடுகளிலும் கீழாநெல்லி தலைகாட்டிவிடும். சென்ற ஆண்டு அப்படி ஒரு மழைவிட்ட காலையில், எதிர்வீட்டுப் பையனுக்கு மஞ்சள் காமாலை என்று கேள்விப்பட்டு, பெரியம்மா ஒரு கைப்பிடி செடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். "கீழாநெல்லிதானே? நீயும் ஒருமுறை பார்த்துவிடு" என்றார். பிரித்துப் பார்த்தேன். ஏழு செடிகளில் ஐந்துதான் கீழாநெல்லி. மற்ற இரண்டும் அதன் உறவான மேலாநெல்லி.

இரண்டும் ஃபில்லாந்தஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. நாம் ஊறுகாய் போடும் பெருநெல்லி மரமும் அந்தக் குடும்பத்து மூத்த உறவுதான். கடுகைவிடச் சற்றே பெரிய பச்சைக் காய், உள்ளே மூன்று அறைகள், அறைக்கு இரண்டாக ஆறு விதைகள் என்பது இரண்டுக்கும் பொது. அதனால் காயை மட்டும் பார்த்து எடுப்பவர்கள் எளிதில் ஏமாறுவார்கள். பெயரை நம்புவதும் உதவாது. மேலாநெல்லியில் காய் இலைக்கு மேலே இருக்கும் என்று தேடினால் கிடைக்காது; அதிலும் காய் இலைக்காம்பின் அடியில்தான் பிடிக்கிறது.

பார்க்க வேண்டிய இடம் நடுத்தண்டு. வளர்ந்த கீழாநெல்லியின் நடுத்தண்டில் பச்சை இலையே இராது. இலை இருக்க வேண்டிய இடத்தில் மிகச் சிறிய செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் செதிலின் மூலையிலிருந்து மெல்லிய கிளை ஒன்று பக்கவாட்டில் நீளும். அதன் இருபுறமும் சின்னஞ்சிறு இலைகள் இரண்டு வரிசையாக அடுக்கியிருக்கும். பார்ப்பதற்கு அது கிளையாகவே தோன்றாது, புளிய இலை போல ஒரே கூட்டிலையாகத் தெரியும். வயதானதும் இலை உதிர்வதைப் போலவே அந்தக் கிளை முழுதாக உதிர்ந்தும் விடுகிறது.

அது இலையா கிளையா என்று எப்படித் தீர்ப்பது? தாவரவியல் இதற்குத் தரும் விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. மொட்டு வருவது இலை தண்டோடு சேரும் மூலையில். அதை இலைக்கோணம் என்பார்கள். புளிய இலையின் சிற்றிலை ஒவ்வொன்றின் அடியிலும் தேடிப் பாருங்கள், மொட்டோ பூவோ இராது. முழு இலையும் சேர்ந்துதான் ஓர் இலை, அதற்கு ஒரே ஒரு கோணம். கீழாநெல்லியிலோ அந்தச் சின்ன இலை ஒவ்வொன்றின் அடியிலும் பூவும் காயும் தொங்குகின்றன. ஆகவே அவை ஒவ்வொன்றும் தனி இலை. தாங்கி நிற்பது கிளை. இலை வேடம் போட்ட கிளை!

மேலாநெல்லிக்கு இந்த வேடம் தெரியாது. அதன் நடுத்தண்டிலேயே உண்மையான இலைகள் சுற்றிச் சுற்றி ஏறிச் செல்லும். இலையும் கீழாநெல்லியின் இலையைவிட நீளம். அடியில் குறுகி நுனிப்பக்கம் அகன்று, சற்றுச் சாம்பல் பூத்த பச்சையில் இருக்கும். அடித்தண்டு மரம்போல் இறுகிவிடுவதால் பிடுங்கும்போதே கைக்கு வித்தியாசம் தெரியும். இன்னும் உறுதி வேண்டுமானால் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று போதும். கீழாநெல்லிப் பூவில் புல்லி இதழ்கள் 5, மேலாநெல்லியில் 6. விதை இரண்டிலும் ஆரஞ்சுச் சுளை வடிவம்தான். ஆனால் கீழாநெல்லி விதையின் முதுகில் நெடுக்காக வரிகள் ஓடும், மேலாநெல்லியில் நுண்ணிய புள்ளிகள் வரிசை கட்டியிருக்கும்.

மேலாநெல்லியின் அறிவியல் பெயர் ஃபில்லாந்தஸ் மதராஸ்பட்டென்சிஸ். மதராசப்பட்டினத்தின் பெயரை ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இந்தச் செடிக்கு வைத்தார். ஊரின் பெயர் 1996இல் சென்னை என்று மாறிய பிறகும் செடி அந்தப் பழைய பெயரை விடவில்லை. கீழாநெல்லியின் கதை இதைவிடச் சிக்கலானது. 1827இல் மேற்கு ஆப்பிரிக்கக் கரைச் செடியை வைத்து அதற்கு ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்று பெயரிட்டார்கள். அமாரஸ் என்றால் கசப்பு. அதன் தாயகமோ வெப்பமண்டல அமெரிக்கா என்று தாவரவியலாளர்கள் கருதுகிறார்கள். இந்திய நூல்கள் நெடுங்காலம் அதை நிரூரி என்ற வேறோர் அமெரிக்க இனத்தின் பெயரில் எழுதிவந்தன.

பெயர்க் குழப்பம் ஏட்டோடு நிற்கவில்லை. கல்லீரலைத் தாக்கிக் காமாலை வரவழைக்கும் ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக நோபல் பரிசு பெற்ற பிளம்பர்க்கின் குழு, 1987இல் நிரூரி என்ற பெயரில்தான் இந்தச் செடியைப் பற்றி ஆய்வு வெளியிட்டது. மறு ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும் பிளம்பர்க்கும் மற்றவர்களும் லான்செட் மருத்துவ இதழில் எழுதியபோது செடி அமாரஸ் ஆகியிருந்தது. வைரஸ் தொற்றுள்ளவர்களில் அதை உட்கொண்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் மேற்பரப்புப் புரதம் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெறும் மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி. பிற நாடுகளில் பின்னர் நடந்த சோதனைகளில் அந்த வெற்றி திரும்பவில்லை. எந்த இனம், எந்த ஊர்ச் செடி என்ற கேள்வி அப்போது பெரிதாக எழுந்தது. செடியிலுள்ள ஃபில்லாந்தின் போன்ற வேதிப்பொருள்களின் அளவு இந்தப் பேரினத்தில் இனத்துக்கு இனம் வெகுவாக மாறுகிறது. செடி எது என்று சரியாகச் சொல்லாத ஆய்வை வேறொருவர் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

எதிர்வீட்டுப் பையனை முதலில் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன். காமாலைக்குக் காரணங்கள் பல. அவற்றைச் செடியைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பெரியம்மா அதை ஒப்புக்கொண்டார். ஆனால் லென்ஸைத் திருப்பித் தரவில்லை.

மறுநாள் காலை மதிலடியிலிருந்து குரல் வந்தது. அவர் கையில் இன்னொரு செடி. கிளை கீழாநெல்லியைப் போலவே இலை வேடத்தில் இருந்தது. தண்டில் மட்டும் செம்மை. "காயைத் தடவிப் பார், சொரசொரவென்று இருக்கிறது. காம்பும் இல்லை" என்றார். விதையை நசுக்கி எடுத்து லென்ஸில் பார்த்தோம். வரிகள் நெடுக்காக இல்லை, குறுக்காக ஓடின. சிவப்புக் கீழாநெல்லி, ஃபில்லாந்தஸ் யூரினேரியா.